எள்ளலும் இகழ்ச்சியும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லத் தொடங்கும்போது நகையை முதலில் வைக்கிறது. நகை பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளலை உரையாசிரியர் பேராசிரியர் மேலும் இரண்டாகப் பிரிக்கிறார். பிறரை எள்ளித் தான் நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானும் நகுவது மற்றொன்று. முன்னது எவருக்கும் எளிது. பின்னதற்கு மனம் கொஞ்சம் விரிந்திருக்க வேண்டும்.

வழக்கில் உள்ள சொற்கள், எள்ளுபவர் எங்கே நிற்கிறார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். கேலிக்கும் கிண்டலுக்கும் உறவு வேண்டும். மாமன் மைத்துனருக்குள் அது ஏறக்குறைய ஓர் உரிமை, பதிலுக்குப் பதிலும் உண்டு. நையாண்டிக்குப் பார்வையாளர் தேவை. எகத்தாளம் பெரும்பாலும் கீழிருந்து மேலே போவது. பெரியவர்கள்தான் சிறியவர்களின் பேச்சை அப்படிச் சொல்லிக் கடிவார்கள். ஏளனம் மேலிருந்து கீழே இறங்குவது. பதில் பேச இடம் தராதது. இளக்காரத்துக்கோ வாய் திறக்கவே வேண்டாம், பார்வை போதும். இவற்றுள் கொடியது அதுவே எனலாம். பேசாத ஒன்றை மறுத்துப் பேசவும் முடியாது.

எள்ளல் எப்போது குற்றமாகிறது? திருக்குறளின் பண்புடைமை அதிகாரம், விளையாட்டுச் சிரிப்பில்கூட இகழ்ச்சி துன்பம் தரும் என்கிறது. சிரிப்பை அது விலக்கவில்லை. சிரிப்புக்குள் நுழையும் இகழ்ச்சியையே விலக்குகிறது. ஆகவே 'விளையாட்டுக்குச் சொன்னேன்' என்னும் சாக்கு வள்ளுவரிடம் செல்லாது.

சொல் கடுமையாக இருந்தும் இகழ்ச்சி இல்லாத நிலை பக்தி மரபில் உண்டு. வசைபோல் ஒலித்துத் துதியாக முடியும் அதை நிந்தாஸ்துதி என்பர். பெரியபுராணம் கூறும் சுந்தரர் வரலாறு இங்கே கருதத்தக்கது. புத்தூரில் அவருடைய திருமணத்தைத் தடுத்து, 'நீ என் அடிமை' என்று வழக்காடிய முதியவரை அவர் பித்தன் என்று ஏசினார். அப்போது அது வெறும் வசை. வந்தவர் சிவன் என்று வெண்ணெய்நல்லூரில் தெரிந்தபின், ஏசிய சொல்லையே முதலாக வைத்துப் பாடும்படி இறைவன் பணித்தார். சொல் மாறவில்லை, சொன்னவரின் மனநிலை மாறியிருந்தது. வன்மை பேசி வழக்காடியதற்காக வன்தொண்டன் என்னும் பெயரையும் இறைவனே அவருக்குச் சூட்டினார்.