திண்ணையும் வீடும்

அடைக்கலம் என்பது தருமமா, உரிமையா? தத்துவ ஆசிரியர்களுக்கு விட்டுவிட வேண்டிய கேள்வி என்றுதான் தோன்றும். ஆனால் நம் கொங்கு நாட்டில் அந்தக் கேள்வி குடமும் கையுமாகக் குழாயடியில் நிற்கிறது. பவானிசாகரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது, அறச்சலூரில் இருக்கிறது, கோவைக்கு மேற்கே பூலுவப்பட்டியிலும் இருக்கிறது. 1983-ம் ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும், பேரப்பிள்ளைகளும் தமிழ்நாட்டு முகாம்களில் ஏறக்குறைய 58,000 பேர். 2021-ல் அரசு அவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. பெயர் நல்ல பெயர்தான்.

பஞ்சாலை ஒன்றில் கணக்குப் பார்க்கும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஏனுங்க, நாடு என்ன சத்திரமுங்களா? இத்தனை வருசம் வச்சுக் காப்பாத்துனதே பெருசில்லீங்களா?” அவர் ஈரமில்லாதவர் அல்லர், பசி என்று வந்தவரைச் சும்மா அனுப்பமாட்டார். 2025-ம் ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்றத்திலேயே, இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், இந்தியா தருமசாலை அல்ல என்ற கருத்துச் சொல்லப்பட்டது. ஆகவே நண்பரின் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லவேண்டும்.

தருமத்தில் ஒரு சங்கடம் உண்டு. கொடுக்கிறவன் நினைத்தபோது கையை மூடிக்கொள்ளலாம். வாங்குகிறவனோ எந்நேரமும் கையை ஏந்தியே இருக்கவேண்டும். உரிமை அப்படியன்று, அது மனிதனை நிமிர்ந்து நிற்கவிடுகிறது. 1948-ம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம், துன்புறுத்தலுக்கு அஞ்சியவன் பிற நாட்டில் அடைக்கலம் தேடலாம் என்கிறது. தன் நாட்டுக்குத் திரும்பலாம் என்றும் சொல்கிறது. ஆனால் 1951-ம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. நாம் கொடுத்ததெல்லாம் தருமம்தான்.

நம் பழைய வீடுகளில் வழிப்போக்கனுக்கென்று திண்ணை கட்டினார்கள். சாதி கேட்டுத்தான் படுக்கவிட்டார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் அது நல்ல ஏற்பாடு. ஓர் இரவுக்கு! அந்தத் திண்ணையிலேயே பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்குக் கலியாணமாகி, பேரனும் பிறந்தபின் “நீ வழிப்போக்கன்தானே?” என்று கேட்பது என்ன நியாயம்? 1987-ம் ஆண்டு ஜூலைக்குப் பின் பிறந்தவர்களுக்கு, இந்த மண்ணில் பிறந்தது மட்டுமே குடியுரிமைக்குப் போதாது என்கிறது நம் சட்டம். 2019-ம் ஆண்டின் திருத்தத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. 2015 ஜனவரி 9 வரை அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்டவர்களுக்குத் தண்டனை இல்லை என்று 2025-ல் ஓர் ஆணை வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் குற்றவாளி அல்ல என்பதும் குடிமகன் என்பதும் ஒன்றாகுமா?

அப்படியானால் ஊருக்கே அனுப்பிவிடலாமே என்பார் நண்பர். எந்த ஊருக்கு? முகாமில் இருப்பவர்களில் பலர் மலையகத் தமிழர். அவர்களுடைய பாட்டன்மார் சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தோட்ட வேலைக்குப் போனவர்கள். 1948-ல் இலங்கைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்களே, மாட்டையா கேட்கிறார்கள்? அட்டனில் பிறந்தவன் கூடலூருக்கு வந்தான். ‘தாயகம் திரும்பினான்’ என்று தாளில் எழுதினார்கள். அவன் கண்ணால் காணாத தாயகம்!

உண்மையாகவே திரும்ப விரும்புகிறவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்துக் கிணற்றடியை நினைத்து ஏங்கும் முதியவர்கள் அவர்கள். 2025-ல் முகாமிலிருந்து திரும்பிய முதியவர் ஒருவரைப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். முன்பு அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுப் போனாராம்! வீடு எரியும்போது வாசற்படியில் சீட்டு வாங்கிக்கொண்டா ஓடுவார்கள்?

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்த நாற்பது ஆண்டுகளில் அவர்கள் எந்த மடத்தையும் பிடுங்கவில்லை. நம் வீட்டுச் சுவர்களுக்கு வர்ணம் அடித்துக் கூலி வாங்கிப் பிழைத்தார்கள்.

இருப்பதும் திரும்புவதும் ஒன்றுக்கொன்று பகையான உரிமைகள் அல்ல. இரண்டையும் தேர்ந்துகொள்ள வேண்டியவன் அந்த மனிதன். அதிகாரியும் அல்ல, நானும் அல்ல. திரும்ப விரும்புகிறவருக்கு அச்சமில்லாத வழியும் அவருடைய நிலமும் கிடைக்கவேண்டும். இருக்க விரும்புகிறவருக்குக் குடியுரிமை கிடைக்கவேண்டும். இதைக் கேட்க அவர்களுக்கு வாக்குச் சீட்டு இல்லை. வாக்குச் சீட்டு வைத்திருக்கும் நாம்தான் கேட்கவேண்டும்.