இரண்டாவது கையெழுத்து

மருந்து ஆலை ஒன்றின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் சீடன், மருந்தியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற தன் குருவைத் தேடி வந்தான். முகத்தில் சலிப்பு.

“ஐயா, ஒவ்வொரு சோதனைத் தாளின் அடியிலும் ‘சோதித்தவர்’, ‘சரிபார்த்தவர்’ என்று இரண்டு கட்டங்கள். இரண்டாவதில் கையெழுத்துப் போடும் பொறுப்பை இப்போது எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ‘உன் சொந்த வேலையாக நினைத்துச் செய்’ என்கிறார் மேலாளர். மருந்து கம்பெனியுடையது, லாபம் முதலாளியுடையது. எனக்கு இதில் என்ன சொந்தம்?”

“நியாயமான கேள்விதான்” என்றார் குரு. “லாபத்தில் உனக்குப் பங்கில்லை. ஆனால் அந்த மாத்திரையை விழுங்கப்போகிறவர் உன் கையெழுத்தை நம்பித்தான் விழுங்குகிறார். அந்த நம்பிக்கைக்கு நீதான் பொறுப்பு. பிரான்சிஸ் கெல்சியைப் பற்றிப் படித்திருப்பாயே?”

“தாலிடோமைடைத் தடுத்தவர்.”

“எப்படித் தடுத்தார் என்று பார். 1960 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் சேர்ந்தார். அடுத்த மாதமே தாலிடோமைடுக்கு அனுமதி கேட்ட கோப்பு அவர் மேஜைக்கு வந்தது. தூக்க மருந்துதான், ஐரோப்பாவில் ஏற்கெனவே விற்பனையில் இருந்தது. புதியவருக்கு எளிதாக இருக்கும் என்றுதான் கொடுத்தார்கள். அன்றைய சட்டப்படி 60 நாளுக்குள் மறுப்புச் சொல்லாவிட்டால் மருந்து தானாகவே சந்தைக்குப் போகலாம். அவர் பேசாமல் இருந்திருந்தாலே போதும், கோப்பு முடிந்திருக்கும்.”

கெல்சி பேசாமல் இருக்கவில்லை. உடன் பணியாற்றிய வேதியியலாளரோடும் மருந்தியலாளரோடும் கோப்பை அலசி, பாதுகாப்புக்கான சான்று போதாது என்று திருப்பி அனுப்பினார். விண்ணப்பித்திருந்த மெரில் நிறுவனம் கூடுதல் விவரம் தந்தது. 60 நாள் கணக்கு புதிதாகத் தொடங்கியது. மறுபடியும் திருப்பினார். 1961 பிப்ரவரியில், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்திருந்த ஒரு மருத்துவரின் கடிதம் அவர் கண்ணில் பட்டது. நெடுநாள் இம்மருந்தைச் சாப்பிட்டவர்களுக்குக் கை கால் மரத்துப்போகிறது என்றது கடிதம். பெரியவர்களின் நரம்பையே தாக்கும் மருந்து, கருவில் இருக்கும் குழந்தையை என்ன செய்யும்? அதற்கும் சான்று கேட்டார். மெரில் நிறுவனத்தார் அவரையும் மேலதிகாரிகளையும் விடாமல் நெருக்கினார்கள். அவர் அசையவில்லை.

1961 நவம்பர் இறுதியில் ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அம்மருந்தால் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் உடற்குறையோடு பிறந்ததாகக் கணக்கிடப்படுகிறது.

சீடன் விடவில்லை. “அவருக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருந்தது. மேலதிகாரிகளும் கைவிடவில்லை. இரவு ஷிஃப்டில், வாசலில் லாரி காத்திருக்க, ‘சீக்கிரம் போடப்பா’ என்று தலைமேல் நின்றால் நான் என்ன செய்வது?”

குரு சற்று யோசித்தார். “அதுவும் உண்மைதான். டொயோட்டா ஆலைகளில் அசெம்பிளி லைன் நெடுக ஒரு கயிறு உண்டு. குறையைக் கண்ட தொழிலாளி அதை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடிவருவார். உடனே சரியாகாவிட்டால் லைனே நிற்கும். பொறுப்பைக் கொடுத்த நிர்வாகம் நிறுத்தும் உரிமையையும் சேர்த்தே கொடுத்தது. உனக்கும் அந்த உரிமை உண்டு. தரக் கட்டுப்பாடு உற்பத்திப் பிரிவுக்குக் கட்டுப்படாமல் தனித்து இயங்க வேண்டும் என்கிறது நம் மருந்து விதிகளின் அட்டவணை எம். தராசுச் சீட்டில் உள்ள எண்ணும் தாளில் எழுதிய எண்ணும் ஒத்துப்போகவில்லையா, கையெழுத்துப் போடாதே. காரணத்தை எழுதி உன் பிரிவுத் தலைவரிடம் கொடு.”

“அவரும் போடச் சொன்னால்?”

“எழுதிக் கொடுத்ததில் உறுதியாக நில். ஆனால் அந்த நிலைக்கு உன்னைத் தள்ளியது அவர்கள் குற்றம். கெல்சிக்கு 1962-இல் அதிபர் கென்னடி விருது கொடுத்தார். அதைவிடப் பெரிய காரியம் அந்த அக்டோபரில் நடந்தது. சட்டத்தைத் திருத்தி, தானாகக் கிடைக்கும் அனுமதியை எடுத்துவிட்டார்கள். அடுத்து அந்த மேஜைக்கு வருகிறவருக்கு அவ்வளவு துணிச்சல் தேவைப்படவில்லை. சொந்த வேலையாக நினைக்கச் சொல்லும் மேலாளர்களும் அப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்துகொடுக்கட்டும். கையெழுத்து மறுத்தவரிடம் முதலில் காரணத்தைக் கேட்கட்டும்.”