யாருக்கு ஓசி?

ஆவடி ஸ்டேஷன் பக்கம் ஒரு டீக்கடை. பள்ளிச் சீருடையில் ஒரு பெண், தங்கையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் வந்தாள். ரோட்டோரம் நின்ற ஒரு காரைச் சுற்றிக்கொண்டு நடு ரோட்டுக்கு வந்தாள். பின்னால் லாரி, காது கிழிய ஹாரன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

பக்கத்தில் நின்ற பெரியவர் சொன்னார்: “எல்லாம் ஓசி சார்! கொடுத்துக் கொடுத்தே ஜனங்களைக் கெடுத்துட்டாங்க.”

நீங்களும் ஒருமுறையாவது இப்படிச் சொல்லியிருப்பீர்கள். நானும்தான். அதனால் இந்த வாரம் கொஞ்சம் கணக்குப் பார்ப்போமே.

தமிழகத்தில் 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்த திட்டம் இது. பிறகு எல்லா மாணவ மாணவியருக்கும் வந்தது. பீகாரில் 2006-ல், ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் அதை அலசி 2017-ல் வெளியிட்ட முடிவு: உயர்நிலைப் பள்ளியில் பெண்களின் சேர்க்கை 32 சதவிகிதம் கூடியது. பெரும்பாலும் பள்ளிக்கூடம் தள்ளியிருந்த கிராமங்களில்! அத்தனை நாள் அந்தப் பெண்களைத் தடுத்தது வெறும் தூரம்தான்.

‘ஓசியில் கிடைத்தால் மதிப்பு இருக்காதே?’ என்பீர்கள். சரி, காசு கொடுத்து வாங்கியவர்களைப் பார்ப்போம். 90-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு வழி செய்தார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். முன் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாமே! கடனோ இலவசமோ, பஸ்ஸுக்குக் காத்திராமல், யாரையும் கெஞ்சாமல் கிளம்ப முடிகிறதே, மதிப்பு அதில் இருக்கிறது.

இனி வரவு-செலவின் மறுபக்கம். ஸ்டேஷன் ஸ்டாண்டில் சைக்கிள் விடுகிற தொழிலாளி வாடகை கொடுக்கிறார். நான் என் காரை ராத்திரி பூரா தெருவில் நிறுத்துகிறேன். பத்து சைக்கிள் நிற்கிற இடம். வாடகை? காலணா கிடையாது. ‘ரோடு டாக்ஸ் கட்டுகிறோமே’ என்றால், அது வண்டி ஓடுவதற்கு. தெருவை என் பேருக்கு எழுதிவைக்க அல்ல. அந்தப் பெண்ணின் அம்மாவும் வாங்குகிற சோப்புக்கு வரி கட்டுகிறாள்.

ஏழைக்குக் கொடுத்தால் இலவசம். நாமாக எடுத்துக்கொண்டால் உரிமை. இது என்ன நியாயம்? சி.டி.எச். ரோட்டில் லாரி, பஸ், கார் எல்லாம் போக மிச்சமிருக்கும் ஓரம்தான் சைக்கிளுக்கு. அதையும் நாம் பிடுங்கிக்கொண்டால், சைக்கிள் கொடுத்து என்ன பிரயோஜனம்?

பெரியவரிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெண் சுற்றிக்கொண்டு போனாளே, அந்தக் கார் என்னுடையது.