பூனைக்குட்டியின் பிரயத்தனம்

ஜீவன் கரையேறுவதற்கு அவனுடைய பிரயத்தனமும் ஓரளவு வேண்டுமா, அல்லது ஈசுவரனுடைய கிருபை ஒன்றே போதுமா என்னும் கேள்வி ஏதேனும் ஒரு வடிவில் பல சமயங்களிலும் எழுந்ததுதான் என்றாலும், அதை நம் ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்களைப்போல் அணு அணுவாகப் பிளந்து ஆராய்ந்தவர்கள் மிகச் சிலரே. பகவான் அருள் புரிவதற்கு ஜீவனிடத்தில் சிறியதாயினும் ஒரு வியாஜம், அதாவது ஒரு சாக்கு, வேண்டும் என்றார் வேதாந்த தேசிகர். அந்த அருள் எந்த ஹேதுவையும் எதிர்பாராமல் தானாகவே பெருகுவது, ஜீவன் அதைத் தடுக்காதிருந்தால் போதும் என்றார் அவருக்கு மூத்தவரான பிள்ளை லோகாசாரியார். தாயின் வயிற்றைத் தன் கைகளால் இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி முன்னவர் கொள்கைக்கும், தாய் வாயால் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி பின்னவர் கொள்கைக்கும் திருஷ்டாந்தங்களாயின. வடகலை, தென்கலை என்று பிற்காலத்தில் இரண்டாகப் பிரிந்த சம்பிரதாயத்தின் கருத்து வேற்றுமைகளுள் தலையானது இதுவே. உபந்நியாசங்களில் கேட்டும் நூல்களில் படித்தும் நான் அறிந்து வைத்திருந்த இந்த விவாதத்தில், உடம்பைக் கொண்டே அறியவேண்டிய ஓர் அம்சம் உண்டு என்பதை, கோடை விடுமுறைக்கு மனைவியோடும் இரு குழந்தைகளோடும் ரீயூனியன் தீவுக்குச் சென்றிருந்தபோது கண்டுகொண்டேன்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில், இந்து மகாசமுத்திரத்தின் நடுவே நிற்கும் அத்தீவு பிரெஞ்சு தேசத்தின் ஒரு பகுதி. அதன் நடுவே, பன்னெடுங்காலமாக அடங்கிக் கிடக்கும் பித்தோன் தே நேஜ் என்னும் எரிமலை 3,070 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. அதைச் சூழ்ந்து மஃபாத், சலாசி, சிலாவோஸ் என மூன்று பெரும் பள்ளத்தாக்குகள் அரைவட்ட அரங்குகளாகச் சரிந்து கிடக்கின்றன. கரும்பாறையை அறுத்துக்கொண்டு இறங்கும் ஓடைகளை அவற்றின் வழியிலேயே பின்பற்றி, அருவி கண்ட இடத்தில் கயிற்றில் இறங்கியும், மடு கண்ட இடத்தில் குதித்தும் நீந்தியும், மலையின் தலையிலிருந்து அடிவாரத்துக்கு வருகிற விளையாட்டுக்குக் கேனியனிங் என்று பெயர். அந்த விளையாட்டில் தேர்ந்தவர்கள் உலகின் பல பாகங்களிலிருந்தும் நாடி வரும் இடங்களுள் ரீயூனியனும் ஒன்று. நூற்றுக்கணக்கான வளைவுகளைக் கொண்ட மலைச்சாலையில் ஏறிச் சிலாவோஸை அடைந்த நாங்கள், அவ்வூருக்கு அருகே குழந்தைகளும் இறங்கத்தக்க ஓர் ஓடைக்கு ஒரு கிரியோல் இளைஞரை வழிகாட்டியாகக் கொண்டு சென்றோம். பிரெஞ்சுச் சட்டத்தின்படி இத்தொழிலை அரசாங்கத்தின் தகுதிப் பத்திரம் பெற்றவர்களே செய்யலாம். அவரிடம் அது இருந்தது. அதைவிட என் மனத்துக்குத் தெம்பு தந்தது, புறப்படுமுன் அவர் நீண்ட நேரம் எங்களை மறந்து மலையுச்சி மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான். 1966-ஆம் ஆண்டு ஜனவரியில் வீசிய புயலின்போது ஃபோக் ஃபோக் என்னும் இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்த தீவு அது. சென்னை நகரம் ஓராண்டு முழுவதிலும் சராசரியாகப் பெறுகிற மழை அவ்வளவு இல்லை.

கயிற்றில் இறங்குவது எப்படி என்பதை அவர் கரையிலேயே கற்பித்தார். இடுப்பையும் தொடைகளையும் சுற்றி வார்ப்பட்டை. அதன் முன்புறத்தில் எட்டு வடிவமான ஓர் உலோக வளையம். அதனூடே வளைந்து செல்லும் கயிறு. வலக்கை கயிற்றின் கீழ்ப்பகுதியை இடுப்பருகே பற்றியிருக்கும்; பிடியைத் தளர்த்தினால் உடல் இறங்கும், இறுக்கினால் நிற்கும். இவையெல்லாம் எளிதில் விளங்குவன. விளங்கியும் உடம்பு ஏற்க மறுப்பது அடுத்த விதி. பாறையின் விளிம்பில் பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கால்களை அகற்றிப் பாதங்களைப் பாறைமேல் முழுதும் ஊன்றி, வெறும் வெளியில் நாற்காலி ஒன்று இருப்பதாகப் பாவித்துப் பின்னால் சாய்ந்து அமரவேண்டும். அவ்வாறு சாய்ந்தால்தான் உடலின் பாரம் பாதங்களைப் பாறையோடு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தினால்தான் பாசி படிந்த ஈரப்பாறையிலும் கால் நிற்கிறது. அஞ்சிப் பாறையை அணைத்துக்கொள்கிறவனுக்கோ பாரம் முழுவதும் செங்குத்தாகக் கீழே இழுக்கப்பட்டு, அணைத்த அக்கணமே கால் வழுக்குகிறது. இதனை நான் உவமையாகச் சொல்லவில்லை. அந்தப் பாறையில் காலூன்றிய எவரும் பரீட்சித்து அறியக்கூடிய சாதாரணப் பௌதிக உண்மை இது.

முதல் பெரிய அருவியில் நானும் என் மூத்த மகனும் அவரவர் கயிற்றை அவரவரே பிடித்து இறங்கினோம். பதினொரு வயதான என் பெண்ணுக்கு அந்த ஏற்பாடு இல்லை. கயிற்றின் ஒரு முனையை அவளுடைய வார்ப்பட்டையில் பூட்டி, மறுபகுதியை மேலே பாறையில் அறைந்த ஆணியோடு இணைந்த வளையத்தில் ஓட்டி, வழிகாட்டியே அவளைச் சிறிது சிறிதாக இறக்கினார். அவள் செய்யவேண்டிய காரியம் ஒன்றுமில்லை. ஆனால் கீழே மடுவின் கரையிலிருந்து அண்ணாந்து பார்த்த எனக்குத் தெரிந்தது வேறு காட்சி. விளிம்புக்கு ஒரு முழம் கீழே வந்தவள், பாறையில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு முனையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு விட்டாள். விரல்களின் கணுக்கள் வெளுத்திருந்தன. வழிகாட்டி விட்ட கயிறு அவள் மார்புக்கு முன்னால் தொய்ந்து தொங்கிற்று. தாங்குவதற்கென்றே இருந்த கயிறு, அவள் தன்னைத் தாங்கிக்கொள்ள முற்பட்டதனால் எதையும் தாங்காமல் கிடந்தது. அவர் உடனே தொய்வை மேலே இழுத்துக்கொண்டு காத்து நின்றார். அவளை அதட்டவில்லை, அவசரப்படுத்தவுமில்லை. அருவியின் ஓசையில் என் குரல் மேலே எட்டவில்லை. விளிம்பருகே பாதுகாப்புக் கயிற்றில் நின்றிருந்த என் மனைவி பின்னால் சொன்னாள்: "விட்டா விழுந்துடுவேம்மா" என்று குழந்தை அழ, "அவர் பிடிச்சிண்டிருக்கார்டி கண்ணே, நீ கையை மட்டும் எடு" என்று இவள் திரும்பத் திரும்பச் சொன்னாளாம். முதலில் ஒரு கை வந்தது. மற்றக் கை வர வெகு நேரமாயிற்று. அது வந்தவுடன் கயிறு விறைத்து நிமிர்ந்தது; அவள் பின்னால் சாய்ந்தாள்; அதன்பின் மடுவை அடையும்வரை அவள் கால் ஒரு தடவைகூட வழுக்கவில்லை.

பூனைக்குட்டிக்கு உழைப்பில்லை என்று சொல்லி அந்தக் கொள்கையைச் சோம்பேறிகளின் சித்தாந்தமாக எள்ளுகிறவர்கள், குட்டி நகத்தை மடக்கிக்கொள்ளவேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒன்றும் செய்யாதிருத்தல் வேறு, தடுக்காதிருத்தல் வேறு. தன்னைத் தானே காக்கும் பழக்கம் பிறவிதோறும் ஊறிய ஜீவனுக்கு, அப்பழக்கத்தைக் கைவிடுவதைவிடப் பெரிய தபசு வேறு என்ன இருக்கிறது? சரணாகதிக்கு அங்கங்களாகச் சொல்லப்பட்டவற்றுள் கார்ப்பண்யம் என்னும் தன் இயலாமை உணர்வும், மகாவிசுவாசம் என்னும் பெருநம்பிக்கையும் அடுத்தடுத்து நிற்பதன் பொருத்தம் அப்போது எனக்கு நன்கு புலனாயிற்று. தன் விரல்களின் பலம் போதாது என்ற அறிவு வராமல் அவை பாறையை விடமாட்டா. மேலே நிற்பவரிடம் நம்பிக்கை வராவிட்டாலும் விடமாட்டா.

கௌரவர் சபையில் திரௌபதி ஒரு கையால் ஆடையைப் பற்றிக்கொண்டு அழைத்தவரையில் கண்ணன் காத்திருந்தான், இரு கைகளையும் தலைமேல் உயர்த்தியபோது புடவையாய்ப் பெருகினான் என்று நம் கதாகாலட்சேபக்காரர்கள் சொல்வதுண்டு. அந்தத் திரௌபதிக்கு ரீயூனியனிலும் கோயில்கள் உள்ளன. 1848-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டபின், கரும்புத் தோட்டங்களுக்குக் கூலி ஒப்பந்தத்தில் கப்பலேற்றப்பட்ட தமிழ் மக்களின் சந்ததியார், மலபார் என்னும் பெயரோடு இன்றும் அத்தீவில் பெருந்தொகையினராக வாழ்கிறார்கள். தாய்மொழியைப் பெரும்பாலும் இழந்துவிட்ட அம்மக்கள், பாண்டியாலே என்று தாங்கள் வழங்கும் அந்தத் தேவியை முன்னிட்டுப் பல நாள் விரதமிருந்து தீ மிதிக்கிறார்கள். பாஷை போயும் அந்த விசுவாசம் போகவில்லை. கடல் கடந்து, திரும்பும் வழி பெரும்பாலும் அடைபட்டு, ஊரும் உறவும் விட்டுப்போன அம்மூதாதையருக்குப் பற்றிக்கொள்ள வேறென்ன இருந்திருக்கும்!

அப்படியானால் குரங்குக்குட்டி தோற்றதா? தன் கயிற்றைத் தானே பிடித்து இறங்கிய என் நிலையைப் பற்றியும் சொல்லவேண்டும். என் வலக்கையின் பிடியே என்னைக் காப்பாற்றியது என்று எண்ணியிருந்த நான், பகல் உணவின்போது வழிகாட்டியின் விளக்கத்தைக் கேட்டுத் திகைத்தேன். கேனியனிங்கில் கயிற்றை மேலே முடிச்சிட்டு நிரந்தரமாகக் கட்டிவிடுவதில்லையாம். ஆணியோடு சேர்ந்த ஓர் எட்டு வளையத்தில் அதைச் சுற்றிப் பூட்டி வைப்பார்கள். இறங்குகிறவன் நடுவழியில் அருவிக்குள் சிக்கிச் செயலற்றுப்போனால், மேலே நிற்பவர் அப்பூட்டை அவிழ்த்து, கயிற்றோடு அவனையும் சேர்த்துக் கீழே இறக்கிவிடுவார். தன் முயற்சியால் இறங்குகிறவனும் பிறிதொருவர் கையில்தான் இருக்கிறான். தேவைப்படாதவரை அவர் தம் கையைக் காட்டுவதில்லை. தேசிகரும் இதற்கு மாறாக எதுவும் சொல்லவில்லை. ஜீவன் செய்யும் பிரபத்தி என்னும் சரணாகதி மோட்சத்துக்கு விலையன்று, அருளுவதற்குத் துடிக்கும் பகவானுக்கு அது ஒரு வியாஜமே என்றுதான் அவர் வற்புறுத்தினார். குட்டி பற்றினாலும், மரத்துக்கு மரம் தாவுவது தாய்தான்.

ஆனால் இந்த இடத்தில் ஒரு பெரிய ஆட்சேபம் எழுகிறது. அதைச் சந்திக்காமல் மேலே செல்வது நேர்மையாகாது. 1999-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் தேதி, சுவிட்சர்லாந்தில் இண்டர்லாகன் நகருக்கு அருகே சாக்ஸெட்டன் ஓடையில் இதே விளையாட்டில் ஈடுபட்டிருந்தவர்களை, மலையின் மேற்பகுதியில் பெய்த இடிமழையால் திடீரென்று பெருகிய வெள்ளம் அடித்துச் சென்றது. இருபத்தொருவர் இறந்தனர், அவர்களுள் மூவர் வழிகாட்டிகள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், அந்தப் பயணத்துக்குப் பொறுப்பானவர்களின் அஜாக்கிரதையை நீதிமன்றம் குற்றமென்று தீர்த்தது. இறந்தவர்களும் ஒருவரை நம்பித்தானே அந்த நீரில் இறங்கினார்கள்? அவர்களுடைய விசுவாசம் என்னவாயிற்று?

மனிதனை நம்புவதற்கு அளவு உண்டு என்பதே இதற்கு முதல் விடை. வழிகாட்டி மேகத்தைப் பார்க்கிறாரா, கயிற்றைச் சோதிக்கிறாரா, மழை வந்தால் பணத்தைத் திருப்பித் தந்து அனுப்பிவிடும் மனமுள்ளவரா என்று ஆராய்ந்தபின் நம்புவதே தர்மம். குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு அது கடமையுங்கூட. ஆனால் இந்த விடை பாதி தூரமே செல்கிறது. ஈசுவரனை நம்பியவர்களுக்கும் வெள்ளம் வருகிறதே! எனக்குத் தோன்றுவது இது: மகாவிசுவாசம் என்பது நான் விழமாட்டேன் என்ற உறுதியன்று. அப்படிப்பட்ட உறுதியை நம் ஆசாரியர்கள் எவருக்கும் கொடுத்ததில்லை, தாங்களும் பெற்றதில்லை.

பதினான்காம் நூற்றாண்டில் டில்லிச் சேனை திருவரங்கத்தின்மேல் வந்தபோது நடந்ததைக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. ஜீவனுடைய முயற்சி வேண்டுவதில்லை என்று போதித்த பிள்ளை லோகாசாரியார், தள்ளாத வயதில், அக்கோயிலின் உற்சவரான நம்பெருமாளின் திருமேனியை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு காட்டுவழியே தெற்கு நோக்கி நடந்தார். ஜீவனிடம் ஒரு முயற்சி வேண்டும் என்று போதித்த வேதாந்த தேசிகரோ, சுருதப்பிரகாசிகை என்னும் கிரந்தத்தையும் அதன் ஆசிரியருடைய இரண்டு மக்களையும் காப்பதற்காக, வெட்டுண்ட பிணங்களின் நடுவே பிணம்போல் அசையாமல் கிடந்தார். பூனைக்குட்டியின் ஆசாரியர் பகவானைத் தம் கைகளால் பற்றிச் சுமந்தார். குரங்குக்குட்டியின் ஆசாரியர் கையை அசைக்கவும் வழியின்றி அருளை மட்டும் நம்பிக் கிடந்தார். மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் லோகாசாரியார் பரமபதித்தார். பெருமாள் திரும்பி வந்ததை அவர் காணவில்லை. நம்பெருமாள் மீண்டும் திருவரங்கத்தில் பிரதிஷ்டையானது 1371-இல். அதைக் காணாமல் இறந்தவருடைய விசுவாசம் குறைந்ததென்று யார் சொல்லத் துணிவார்?

இத்தகைய இருவரின் பெயரால், எந்தத் திருநாமம் சாத்துவது, பிரபந்தம் சேவிக்கும் முன்னுரிமை யாருக்கு என்று காஞ்சி வரதராஜர் சந்நிதியில் இரு கலையாரும் தலைமுறை தலைமுறையாகச் சச்சரவிட்டு, பெருமாள் புறப்பாட்டின்போது வீதியில் கூச்சலிட்டு, நீதிமன்றங்களின் படியேறி வருகிறார்கள். அந்தப் பெரியோர்களை நான் கை கூப்பிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: திருவரங்கத்தின் அந்த நாட்களின் கதையை ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள், வாசித்த பிறகு வழக்குகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.