விதி என்று சொல்லாதே, வருஷத்தைச் சொல்!

"எல்லாம் என் தலையெழுத்து" என்று இன்றைக்கு எத்தனை முறை புலம்பினாய்? நிறுத்து! தலையெழுத்தைப் படிக்குமுன் வரலாற்றைப் படி!

நிக்கோபார் தீவுகளில் ஒன்று கச்சால். அங்கே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப்போன ஒரு தமிழ்த் தொழிலாளியை நினைத்துப் பார். இலங்கை மலையகத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். கடல் தாண்டி வந்து, மறுபடியும் கடல் தாண்டினார். "எனக்கு எந்த மண்ணும் ஒட்டவில்லையே" என்று அவர் தன்னையே நொந்துகொள்ளலாம். ஆனால் அந்த வாழ்க்கைக்குப் பக்கத்தில் வருஷங்களை எழுதிப் பார்!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சமும் கடனும் அவருடைய பாட்டனை இலங்கையின் கண்டிச்சீமைக்குத் துரத்தின. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலான மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று டில்லியில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்: அந்த நாடற்றவர்களில் இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். திரும்பி வந்தவர்களில் சில குடும்பங்கள் 1970களில் கச்சாலில் குடியேற்றப்பட்டன. புத்தாயிரத்தின் முதல் சூரியனைப் பார்க்க 2000 ஜனவரி 1 அன்று அங்கே ஆட்கள் வந்தார்கள். ஐந்தாண்டு முடியுமுன், 2004 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை அதே தீவைச் சிதைத்தது.

சொல், இதில் எந்த வருஷத்தில் அவர் சோம்பேறி? எந்த வருஷத்தில் அவருக்குத் திறமை போதவில்லை? தலைவர்கள் போட்ட கையெழுத்துக்கும் கடலடியில் நழுவிய பாறைக்கும் அவரா பொறுப்பு?

அவர் செய்ததையும் எழுது! தெரியாத தீவில் உலை வைத்தது, மழைக்கும் கொசுவுக்கும் நடுவே மரம் மரமாக நடந்தது, பிள்ளைக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்தது. ஒப்பந்தத்தின் எந்த ஷரத்திலும் இவை இல்லை. இவை முழுக்க முழுக்க அவருடையவை!

பழியைக் காலத்தின் தலையில் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. உன் வெற்றிக்கும் இதே கணக்குதான். 1991இல் இந்தியப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு, அந்தக் கதவு வழியாக நுழைந்தவன், கதவையும் நானே செய்தேன் என்று மார்தட்டக் கூடாது. காலத்தை அறிந்தவனுக்குத் தோல்வியில் கூனலும் இல்லை, வெற்றியில் திமிரும் இல்லை.

இன்றிரவே ஒரு தாளை எடு. நடுவே கோடு போடு. இடப்பக்கம் காலம் செய்தது: 2016 நவம்பரில் நோட்டு செல்லாமல் போய்க் கடை படுத்ததா? 2020 மார்ச்சில் ஊரடங்கு உன் வேலையைத் தின்றதா? எழுது! வலப்பக்கம், அப்போது நீ செய்தது. மூட்டை தூக்கினாயா, வட்டி கட்டினாயா, தங்கையைப் படிக்கவைத்தாயா? ஒன்றுவிடாமல் எழுது!

இடப்பக்கத்தில் உள்ளதற்கு வெட்கப்படாதே. அதில் அநியாயம் இருந்தால், அதே அடி வாங்கியவர்களோடு சேர்ந்து கேள். வலப்பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறதா? நாளைக் காலையே நிரப்பத் தொடங்கு!