மரக்கழலையும் மறைப்பருளும்



காணப்படும் பொருளைக்கொண்டு காணப்படாத பொருளை உணர்த்துதல் நம் ஆசிரியன்மார் கைக்கொண்ட நெறியாம். செம்பிற் களிம்பும், நெல்லின் உமியும், கண்ணும் கதிரொளியும் அவர்களால் எடுத்தாளப்பட்ட உவமைகள். அவை யாவும் மக்கள் நாடோறுங் கண்டு பழகியனவே. அவ்வழியைப் பின்பற்றி, மரச்சிற்பிகள் ஒருசாரார் கையாளும் ஒரு பொருளை இன்று எடுத்துக்கொண்டு, துன்பத்தால் உயிர்க்கு ஆவது யாது, அத்துன்பத்தை நாம் எங்ஙனங் கருதவேண்டும் என்பவற்றைச் சிறிது ஆராய்வாம். அப்பொருள் மரக்கழலை என்பது.

மனிதர் உடம்பிற் கழலை தோன்றுதல்போல, மரங்களின் அடியிலும் தண்டிலும் கிளையிலும் வேரிலும் புடைத்துத் திரண்டு நிற்கும் முண்டினையே ஈண்டு மரக்கழலை என்றாம். மேனாட்டார் இதனைப் 'பர்ல்' என்பர். காயம்படுதல், பூச்சி துளைத்தல், பூஞ்சணம் பற்றுதல் முதலிய ஊறுகளால் மரத்தின் வளர்ச்சி நெறிதிறம்பி ஓரிடத்தே முடங்கிச் சுருளும்போது இது பெரும்பாலும் உண்டாகின்றது. சில மரங்களுக்கு இயல்பாகவே அமைவதும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவாம். நேரிய மரத்தில் நார் அடியினின்று நுனிநோக்கி ஒழுங்காக ஓடும். கழலையிலோ அது நீர்ச்சுழிபோல வளைந்தும் மடிந்தும் ஒன்றோடொன்று பின்னியுங் கிடக்கும். தளிராக வெளிவரவேண்டியனவாயிருந்தும் வாராது நின்ற அரும்புகள் பல கழலைகளின் அகத்தே எண்ணிறந்தன உறங்கிக்கிடக்கும். அறுத்துப் பார்ப்பின் அவை சிறுசிறு வட்டங்களாகத் தோன்றும். மேனாட்டுத் தச்சர் அவற்றைக் கண் என்னும் பொருள்படும் சொல்லாலேயே வழங்குவர். கண் உண்டு, திறக்கவில்லை. இதனை நினைவிற் கொள்க.

பலகை அறுப்பார்க்குக் கழலை பயன்படாது, கழித்துப் போடத்தக்கதே. ஆயினும் பல நாட்டு மக்கள் இதன் அருமையை முன்னரே அறிந்திருந்தனர். வட ஐரோப்பாவின் குளிர்நிலத்தில் வாழும் சாமி மக்கள் பூர்ச்சமரத்தின் கழலையைக் குடைந்து நீர் பருகுங் கிண்ணம் செய்வர். அது 'குக்சி' எனப்படும். வட அமெரிக்காவின் கீழைக் காடுகளிற் குடியிருந்த பழங்குடியினர் ஆஷ், மேப்பிள் முதலிய மரங்களின் கழலையைத் தணலாற் கருக்கி, கருகிய பகுதியைச் சுரண்டியெடுத்து உணவுக்கலங்கள் ஆக்கினர். அவற்றுட் சிலவற்றின் விளிம்பில் விலங்கின் தலையும் மனிதர் தலையும் செதுக்கப்பட்டுள்ளன. மொராக்கோ நாட்டு எஸ்ஸவீரா நகரத் தச்சர் துயா மரத்தின் வேர்க்கழலையிற் பேழைகளும் சிற்றுருவங்களும் செய்வர். வட ஆப்பிரிக்காவின் அவ்வேர்ப்புடைப்பாலாய மேசைகளை உரோமச் செல்வர் பெரும்பொருள் கொடுத்து வாங்கியதனை, கி. பி. 79இல் இறந்த பிளினி என்பார் தம் நூலில் எழுதிவைத்துள்ளார். நம் நாட்டு வேங்கைக்கு இனமாகிய தென்கிழக்காசிய மரமொன்றின் கழலையும் 'அம்போய்னா' என்னும் பெயராற் சிறந்து விளங்குகின்றது. கலஞ் செய்வார் இதனை விரும்பியது எற்றுக்கெனின், நார் பின்னிக் கிடத்தலின் எளிதிற் பிளவாமைபற்றி என்க.

இனி, இதனைக் கையால் உருவாக்கும் முறையைக் கூறுவாம். சிற்பி முதற்கண் கழலையைப் பலநாள் திருப்பித் திருப்பிப் பார்க்கின்றான். நேரிய மரத்தில் தான் எண்ணிய உருவைக் கோடிட்டு வெட்டலாம். கழலையில் அது செல்லாது. எங்கே பொந்துண்டு, எங்கே பட்டை உட்புகுந்து மறைந்துள்ளது, எங்கே அழுகல் பற்றியுள்ளது என்பவற்றை அறிந்து, அதன்கண் அமைந்த வளைவுக்கு இயைந்த உருவையே அவன் கருதவேண்டும். ஓரிடம் பறவையின் கழுத்தாகும்; ஓரிடம் அலையின் மடிப்பாகும். அவன் கருத்தும் மரத்தின் இயல்பும் இணங்கினாலன்றி உருவம் பிறவாது.

அடுத்தது உலர்த்துதல். பச்சைக் கழலையில் நீர் மிகுதி. நார் பல திசையினுந் திரும்பியிருத்தலின், உலருங்கால் அது பல திசையினும் இழுத்துக் கோணும். வெயிலில் வைத்து விரைந்துலர்த்தின் வெடிக்கும். ஆதலின் சிற்பி முதலிற் பருவெட்டாக, வேண்டுவதினும் தடிப்பு மிகவிட்டுக் குடைந்து, அறுத்த முகங்களுக்கு மெழுகு பூசி மூடி, நிழலிலே மாதக்கணக்காகவும், பருத்ததாயின் ஆண்டுக்கணக்காகவும் வைத்துவிடுவான். கண்டார்க்கு அவன் அதனை மறந்துவிட்டான் போலத் தோன்றும். அவனோ இடையிடையே எடுத்து நிறுத்துப் பார்ப்பான். எடை மேலுங் குறையாது நிலைத்தவழி, பதமுற்றமை அறிந்து மீண்டும் உளியைக் கையிலெடுப்பான்.

அப்பாற் செதுக்குதல். நேரிய மரத்தில் நாரோட்டத்தைத் தழுவி உளி செல்லும். கழலையிலோ விரற்கடைக்கு விரற்கடை நார் திசைமாறுதலின், ஒருகால் வழுவழுப்பாகச் சென்ற உளி அடுத்த கணத்தே மரத்தைப் பிய்த்தெறியும். ஆதலின் மிகக் கூரிய உளிகொண்டு, திசையை மாற்றி மாற்றி, மெல்லிய சீவல்களாகவே எடுத்தல் வேண்டும். கொட்டாப்புளியின் வன்மை இவ்விடத்து உதவாது. பின்னர் அரத்தால் ராவி, உப்புத்தாளாற் பருமையினின்று நுண்மைநோக்கிப் பலமுறை தேய்த்து, ஈற்றில் ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் பூசுவர். எண்ணெய் பட்ட அக்கணமே, அதுகாறும் மங்கிக்கிடந்த சுழிகளும் கண்களும் ஒளிபெற்றுத் தோன்றும். எண்ணெய் அவற்றைப் புதிதாகப் படைத்ததன்று, உள்ளனவற்றை விளக்கியதே.

இனி, உவமையாற் பெறப்படும் பொருளை நோக்குவாம். உயிர் அநாதியே ஆணவத்தாற் பிணிப்புண்டது. இச்சை, அறிவு, செயல் என்பன அதற்கு உளவாயினும், விரியாத அரும்புகள்போல அவை உறங்கிக்கிடக்கின்றன. தாமாக விழித்தெழவும் மாட்டா. கண்ணுக்குக் காணுந்தன்மை உண்டேனும் கதிரொளி கலந்தாலன்றிக் காணாதவாறுபோல, உயிரும் திருவருள் விளக்கியபோதே விளங்கும். அத்திருவருள் முதலில் வெளிப்பட நில்லாது மறைந்து நின்று, உயிரை வினைப்பயன்களில் உலவவிட்டு, மலம் பரிபாகமுறச் செய்கின்றது. இதுவே மறைத்தல் எனவும் திரோதம் எனவும் கூறப்படும். மெழுகு பூசி நிழலில் வைத்த சிற்பியின் செயலோடு இதனை ஒப்புநோக்குக. அவன் மூடிவைத்தது வெறுப்பினாலன்று, வெடியாமற் காத்தற்பொருட்டு. "இறைவன் என்னைக் கைவிட்டான்" என்று நாம் அரற்றுங் காலம், அவன் நம் பதம்நோக்கிக் காத்திருக்குங் காலமேயாம். அன்றியும், உளி திசைமாறிச் செல்லுதல்போல, அவ்வவ்வுயிரின் தகுதிக்கேற்பவே சரியை, கிரியை, யோகம், ஞானம் என நெறிகள் வகுக்கப்பட்டன. மாணாக்கர் எல்லாரையும் ஒரே அளவால் அளந்து வெட்டும் போதகாசிரியன், கழலையைப் பிய்த்தெறியும் தச்சனை ஒப்பான்.

உவமை எல்லாவாற்றானும் ஒவ்வாது என்பதும் அறியற்பாலது. மரம் சடம், உயிர் சித்து. மரம் தன்னைத் திருத்துங் கையை அறியாது; உயிரோ அக்கையை அறியவும், அன்பால் உருகி அழைக்கவும் வல்லது. உருவம் முடிந்தபின் மரம் சிற்பியை நீங்கி வேறோர் இல்லம் புகும். உயிரோ மலம் நீங்கியபின் இறைவனை நீங்குதல் இன்றி அவன் திருவடியிலே நிற்கும்.

ஈண்டு ஒரு தடை நிகழும். "அற்றேல், மரம் புண்பட்டமையாலன்றோ இவ்வழகு பிறந்தது? ஆகவே துன்பமே நன்று, துன்புறுவாரைக் கண்டு இரங்கவும் வேண்டா, 'இஃது உமக்கு அணியாகும்' என்று சொல்லி அமையலாமே" எனின், அற்றன்று. காட்டிலே கழலை பூண்ட மரங்களுட் பெரும்பாலன எச்சிற்பியின் கையும் படாமலே மடிந்து மக்குகின்றன. சில கழலைகளின் அகம் முழுதும் அழுகலாகவே இருக்கும். புண் தானே அழகாகுமாயின் அவையனைத்தும் அழகாதல் வேண்டும். ஆகாமையின், அழகுக்குக் காரணம் புண் அன்று. புண்ணையும் வீண்போகவிடாத கையே காரணம். அவ்வாறே துன்பம் வீடு தாராது. துன்பத்தையும் கருவியாகக்கொள்ள வல்ல அருளே வீடு தரும். கருவியைக் கருத்தாவாக மயங்குதல் பெரும்பிழை.

இவ்வேறுபாட்டைத் தெளிவிக்க அண்மைக்கால வரலாறு ஒன்றை எடுத்துரைப்பாம். ஜார்ஜ் நகஷிமா (1905-1990) என்பார் ஜப்பானிய மரபில் அமெரிக்காவிற் பிறந்தவர், கட்டடக்கலை பயின்றவர். 1930களின் பிற்பகுதியிற் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தைச் சார்ந்த கோல்கொண்டா என்னும் கட்டடத்தின் வேலையில் ஈடுபட்டு, ஆங்கே சுந்தரானந்தர் என்னும் பெயரும் பெற்றார். இரண்டாம் உலகப்போரின்போது, ஜப்பானிய மரபினராதல் ஒன்றையே குற்றமாகக்கொண்டு, அமெரிக்க அரசு ஏறத்தாழ 1,20,000 மக்களை முகாம்களில் அடைத்தது. அவரும் 1942இல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே ஜப்பானிய மரபுத்தச்சர் ஒருவரை அடுத்து மரவேலையின் நுட்பங்களைக் கைவரப் பயின்றார். 1943இல் வெளிவந்து பென்சில்வேனியாவில் தொழில் நடத்தியபோது, பிறர் குறையென்று கழித்த கழலைகளையும் முண்டுகளையும் அவர் விரும்பி எடுத்தார். பலகையின் வெடிப்பை மறைக்காது, வண்ணத்துப்பூச்சி வடிவான மரத்துண்டைப் பதித்து இறுக்கி, வெடிப்பும் விளங்கவே விட்டார். அதனாற் பெரும்புகழ் எய்தினார்.

அன்பர்காள்! அவர் அம்முகாமிற் கற்றார் என்பதுபற்றி அவரை அடைத்தது நன்றாயிற்றோ? ஆகவில்லை. 1988இல் அவ்வரசே சட்டமியற்றி, தான் செய்தது அநீதியென ஒப்பி மன்னிப்புக் கோரிற்று. கற்றது நன்று, அடைத்தது தீது. ஒன்றிலிருந்து மற்றொன்று விளைந்தமையால் தீது நன்றாகிவிடாது. வினையின் தீமை செய்தானைச் சாரும். அதனூடும் நன்மை பயப்பித்தது அருளின் பெருமையாம்.

இவ்வுண்மையை உணராதார் செயல் எங்ஙனம் முடியும் என்பதற்கும் கழலையே சான்றாகும். கலிபோர்னியாவின் வடகரையில் 'ரெட்வுட்' என்னும் பெருமரங்கள் உள்ளன. அவற்றுள் 2006இல் கண்டறியப்பட்ட ஒன்று 115 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. 2,000 ஆண்டு கடந்தனவும் உண்டு. இம்மரத்திற்குக் கழலை நோயன்று. முளைப்பருவத்திலேயே அடியில் அமைந்து, உறங்கும் அரும்புகளைச் சேமித்து வைப்பது. தீயாலோ கோடரியாலோ தாய்மரம் வீழ்ந்தவழி, அவ்வரும்புகள் விழித்தெழுந்து அடியைச் சூழ்ந்து புதுமரங்களாக வளரும். இயற்கை வைத்த இவ்வைப்புநிதியை, இரவில் இயந்திரவாள் கொண்டு உயிர்மரத்தினின்று அறுத்துத் திருடி விற்பார் மிகுந்தனர். அதனால் 2014ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள்தொட்டு, ரெட்வுட் பூங்காவினூடு செல்லும் சாலையொன்றை இரவுதோறும் அடைக்க நேர்ந்தது. வெட்டுண்ட மரமோ பட்டையிழந்து, நோய்க்கும் பூச்சிக்கும் வாயில் திறந்து நிற்கின்றது. நல்ல சிற்பி வீழ்ந்த மரத்திலும் பட்ட மரத்திலும், வேறு காரணத்தால் வெட்டுண்ட மரத்திலுமே கழலை கொள்வான். கிடைத்த புண்ணைத் திருத்துவோன் ஒருவன். தன் அழகிற்காகப் புதுப்புண் செய்வோன் மற்றொருவன். இருவர் கையிலும் உளி ஒன்றே, வினை வேறு.

நம்முள்ளும் இவ்விருதிறத்தாரும் உளர். மனைவியைக் கடிந்து, "பொறுமை கற்பித்தேன்" என்பானும், மாணாக்கனை வருத்தி, "பக்குவப்படுத்தினேன்" என்பானும், ஏழையின் பசியைக் கண்டு, "அவன் வினை கழிகின்றது" என்று சொல்லித் தன் கலத்தை மூடிக்கொள்வானும் உயிர்மரத்தை அறுப்பாரேயாவர். வினை கழிப்பித்தல் இறைவன் தொழில். அதனை நாம் மேற்கொள்ள உரிமை பெற்றிலேம். நமக்கு விதிக்கப்பட்டது உயிர்க்கிரங்குதல் ஒன்றே.

ஆதலின், நமக்குத் துன்பம் வந்துழி, "இது மறைப்பருள், என்னை மூடிவைத்த கை என்னை மறந்திலது" என்று தேறி, ஐந்தெழுத்தை ஓதிப் பொறுத்திருத்தல் வேண்டும். பிறர்க்குத் துன்பம் வந்துழியோ அவ்வுரையை அவர் செவியில் ஓதற்க. பிள்ளையை இழந்த தாய்க்கு முன்னே மலபரிபாகம் பேசுதல் சித்தாந்தமன்று. அவள் அருகிருந்து கண்ணீரைத் துடைத்தலும், அவள் வீட்டு அடுப்பு அணையாமற் பார்த்தலுமே சிவத்தொண்டு. அவள் உள்ளத்தே உறங்குங் கண்ணை எப்போது திறப்பிப்பதென அவன் அறிவான். அதுகாறும் நிழலாக நிற்றலே நம் கடமை.

சிவஞானம் பொலிக.

திருச்சிற்றம்பலம்.