இரைச்சல் நின்றால் போதுமா?

ஒரு தொழிலாளியிடம் ஒரு வேலையைச் சொல்கிறோம். அவர் அதைச் சரியாகச் செய்து, நியாயமான கூலியும் வாங்கிக்கொள்கிறார். அத்துடன் அவர் கடமை தீர்ந்ததா? தீர்ந்தது என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள், வாசகரே. பழைய வால்வு ஆம்ப்ளிபையர் ஒன்றை முதலில் திறந்து பாருங்கள்.

1950-களிலும் 60-களிலும் கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரில் பெண்டர் தொழிற்சாலை செய்த கிட்டார் ஆம்ப்ளிபையர்களை இன்றும் தேடி வாங்குவோர் உண்டு. ஆணி முதல் ஒயர் வரை எல்லாம் அன்றிருந்தபடியே இருந்தால் விலையும் ஏறும். அப்படியொன்று, நெடுங்காலம் மூலையில் கிடந்துவிட்டு, அமெரிக்காவில் ஒரு பழுதுபார்ப்பவரிடம் வருகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சைப் போட்டதும் ஓயாத இரைச்சல். "இரைச்சலை மட்டும் நிறுத்துங்கள், வேறெதையும் தொடாதீர்கள், மதிப்புக் குறைந்துவிடும்" என்கிறார் உடையவர்.

இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் மின்னோட்டத்தைச் சமன்செய்யும் பெரிய கண்டென்சர்கள் காய்ந்துபோனதுதான். அவற்றை மாற்றினால் தீரும். (நீங்கள் கைவைக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அவற்றில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கி நிற்கக்கூடும்.) இதுதான் சமயமென்று நல்ல வால்வுகளையும் மாற்றிக் காசு பறிப்பாரும் உண்டு. அது திருட்டு, அதில் விவாதத்துக்கே இடமில்லை.

விவாதம் உள்ளேயிருக்கும் மற்றொரு சிறு கண்டென்சரைப் பற்றியது. அந்நாளைய அமெரிக்க ஆம்ப்ளிபையர்களுக்கு இரண்டு முனைப் பிளக்தான், எர்த் கிடையாது. ஆகவே இரைச்சலைக் குறைக்க, மின்கம்பி ஒன்றுக்கும் உலோகச் சட்டத்துக்கும் நடுவே ஒரு கண்டென்சரை வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அன்றைய வீடுகள் பலவற்றில் எர்த் துளையே இல்லை. ஆனால் அந்தக் கண்டென்சர் என்றேனும் உள்ளுக்குள் ஒட்டிப்போனால், பிளக்கும் மாறிச் செருகப்பட்டிருந்தால், 120 வோல்ட் முழுவதும் சட்டத்துக்கு வரும். சட்டத்திலிருந்து கிட்டார் தந்திக்கும் வரும். வாசிப்பவருக்கு அப்போதும் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். எர்த் உள்ள மைக்கில் அவர் உதடு படும் வரையில்தான்! தொழில் தெரிந்தவர்கள் அதற்குச் 'சாவுக் கண்டென்சர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. 1972-ம் ஆண்டு மே 3-ந் தேதி, வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் மைக்கைத் தொட்டு, மின்சாரம் தாக்கி இறந்தார். அங்கே பழுதானது இந்தக் கண்டென்சர் என்று நான் சொல்லவில்லை. கிட்டாருக்கும் மைக்குக்கும் நடுவே ஒரு மனிதன் நிற்கிறான் என்பதையே சொல்கிறேன்.

இனி, நம் பழுதுபார்ப்பவர் என்ன செய்ய வேண்டும்? "பொருள் அவருடையது, விருப்பமும் அவருடையது" என்பீர்கள். உடையவர் தன் வீட்டில் தானே வாசிப்பவரானால் அந்த வாதத்துக்கு ஓரளவு பலமுண்டு. ஆனால் ஆம்ப்ளிபையர் கைமாறும், இரவல் போகும், நாளை அதன் முன் நின்று பாடப்போகிற இளைஞனை யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இரைச்சலோடு மூலையில் கிடந்தவரை அந்தப் பெட்டி யாரையும் கொல்லாது. அதை மேடைக்கு அனுப்புவது இவர் செய்த நல்ல வேலைதான்!

ஆகவே, கேளாமலே மாற்றிவிடலாமா? அதுவும் சரியென்று எனக்குத் தோன்றவில்லை. பிறர் பொருளில் ஒளிவுமறைவாகச் செய்வது நன்மையானாலும் ஏமாற்றுதான். முதலில் உள்ளதைச் சொல்ல வேண்டும். மூன்று முனைப் பிளக் மாட்டி, சட்டத்தை எர்த்தோடு இணைத்து, அந்தக் கண்டென்சரை எடுத்துவிடுவது சிறு வேலை; ஓசை கெடாது. கழற்றிய பழைய ஒயரையும் கண்டென்சரையும் ஓர் உறையிலிட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தால், மதிப்பைப் பற்றிய கவலையும் பாதி குறையும்.

அதற்கும் உடையவர் இணங்காவிட்டால், இரைச்சலையும் நிறுத்தாமல் திருப்பிக் கொடுத்துவிடுவதே முறை. கூலி போகும்; வாடிக்கையும் போகலாம். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார். அங்கே இருப்பவர் அதைத் திறந்து பார்க்கும்போது கண்ணில் படும்படி, உள்ளே ஒரு சீட்டாவது எழுதி வைத்து அனுப்பலாம்.